நங்கிக்குக் கிடைத்த இடம்

கொட்டாஞ்சேனைப் பேர்னாட் ஆடு வாங்கியது தவறுதலாகத்தான். அந்தோனியார் கோயில் திருநாளுக்கு நேர்த்தி வைத்தவர்கள் கோழி, ஆடு, வாழைக்குலை என்று கொண்டுவந்து விடுவார்கள். பூசை முடிந்ததும் அவற்றை முற்றத்தில் ஏலம் போடுவார்கள். யாராவது விலையைக் கொஞ்சம் ஏற்றிவிட்டால் கோயிலுக்கு நல்லதென்று, வாங்கும் எண்ணமே இல்லாமல் கை தூக்குவது பேர்னாட்டின் வழக்கம். போன வருசம் அவர் கை தூக்கிய பிறகு வேறொரு கையும் எழும்பவில்லை. வெள்ளையில் கபிலப் புள்ளி போட்ட ஒரு பெட்டைக்குட்டி கயிற்றோடு அவர் கைக்கு வந்துவிட்டது.

"நத்தார்க் கறிக்கு ஆகும்" என்றாள் மனைவி மெற்றில்டா.

டிசம்பர் வந்தது, நத்தார் வந்தது. அதற்குள் குட்டி மெற்றில்டாவுக்குப் பின்னால் குழாயடிக்கும், கடைக்கும், கோயில் வாசல் வரைக்கும் போய் வரப் பழகியிருந்தது. பிள்ளையில்லாத வீடு அது. நெருக்கமாகச் சிறுவீடுகள் அடுக்கிய அந்தத் தோட்டத்துச் சிங்களப் பிள்ளைகள் அதை நங்கி, அதாவது தங்கச்சி, என்று கூப்பிட, அவர்களும் நங்கி என்றே கூப்பிட்டார்கள். நத்தார் காலையில் கத்தியோடு வந்த மனிதரைப் பேர்னாட் தேத்தண்ணி கொடுத்துத் திருப்பி அனுப்பினார். மத்தியானம் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும்தான். தங்கச்சியைக் கட்டிப்போட்ட வீட்டில் யார் ஆட்டுக்கறி தின்பது?

அதோடு நின்றிருந்தால் ஊர் மன்னித்திருக்கும். ஆட்டை விட்டவருக்குக் கோழியும் தொண்டைக்குள் இறங்கவில்லை. பிறகு மீன் போயிற்று. துறைமுகத்தில் ஆயுள் முழுக்கச் சுமை தூக்கும் வின்ச் ஓட்டிய மனிதன் மீனை விட்டால் சொந்தக்காரர் என்ன நினைப்பார்கள்? நோய் வருத்தமோ, வேறு சமயத்தில் சேர்ந்துவிட்டாரோ என்று குசுகுசுத்தார்கள். கடைசியில் பால்மாவும் போய், மெற்றில்டாவும் அவரும் வெறுந்தேத்தண்ணிக்கு வந்து சேர்ந்தார்கள். ஏனென்று கேட்டவர்களுக்கெல்லாம் பேர்னாட்டிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"அதுகளுக்கு நோவும்தானே."

இந்தப் பதிலால்தான் பிறகு அவருக்கு எல்லாக் கஷ்டமும் வந்தது.

தோட்டத்தை அரசாங்கம் எடுத்தது. எல்லாருக்கும் தெமட்டகொடைப் பக்கம் மாடி வீடு. மாதக் கடைசிக்குள் போய்விட வேண்டும். லிஃப்ட் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, ஆடு மாடு நாய்க்கு மட்டும் அனுமதி இல்லை. பேர்னாட் நங்கிக்கு இடம் தேடி அலைந்தார். நீர்கொழும்பு மச்சான் சந்தோசமாகச் சம்மதித்தார். பாஸ்குப் பெருநாள் எப்போ வருகிறது என்றும் அதே மூச்சில் கேட்டார். கிராண்ட்பாஸில் ஒருவர் தான் ஆடு வளர்ப்பதாகச் சொன்னார். போய்ப் பார்த்தால் போன மாதம் வழியில் கண்ட ஆடுகளில் ஒன்றையும் காணவில்லை. கொழும்பில் ஆட்டை வாங்க ஆயிரம் பேர் இருந்தார்கள், உயிரோடு வைத்திருக்க ஒருத்தரும் இல்லை.

அப்போதுதான் பக்கத்து வீட்டு இன்ஸாப், திரீவீல் ஆட்டோ ஓட்டுகிறவன், ஒரு செய்தி கொண்டுவந்தான்.

"அங்கிள், வெள்ளவத்தையில ஒரு சபை ஈக்கிது. எறும்பக்கூட மிதிக்க மாட்டாங்களாம். ஆடு மாடுக்கெண்டே அவிசாவளைப் பக்கம் பெரிய இல்லமொண்டு கட்டி வெச்சீக்காங்களாம். நான் நேத்து அந்தச் சபை லேடியொராளத்தான் ஏத்திட்டுப் போன."

மெற்றில்டா அன்று பின்னேரமே அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாள்.

அகில இலங்கைப் பரோபகார ஜீவகாருண்ய மகாசபை, காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில், ஏசி போட்ட இரண்டாம் மாடியில் இருந்தது. கீழே வாசலில் நட்டிருந்த பலகையில் 'எல்லா உயிர்களையும் வரவேற்கிறோம்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'பிராணிகளுக்கு அனுமதியில்லை' என்றும் இருந்தது. நங்கியைப் பலகைக் காலில் கட்டினார்கள். இன்ஸாப்பின் திரீவீல் சீட் தோலா ரெக்ஸினா என்று நிச்சயமாகத் தெரியாதபடியால், அதை அடுத்த ஒழுங்கையில் நிறுத்தும்படி செயலாளர் மயூரி கேட்டுக்கொண்டாள். நல்ல பிள்ளை. சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

அன்று சபையின் வாராந்தக் கூட்டம். முதல் நிகழ்ச்சி மௌன அஞ்சலி. அந்த வாரம் உறுப்பினர்களின் கையாலும் காலாலும் தவறுதலாக உயிர்விட்ட ஜீவன்களை ஒவ்வொருவராக எழும்பி அறிவித்தார்கள். கதவிடுக்கில் ஒரு பல்லி. நுளம்புகள் சில, டெங்கு சந்தேகத்தின் பேரில். ஒரு அம்மா தான் கொட்டாவி விட்டபோது உள்ளே போன கொசுவைச் சொல்லி விம்மினாள். எல்லாரும் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். தட்டு எடுத்துப்போக வந்த வேலைக்காரப் பெண் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தாள். மௌனம் கலையாமல் நடக்கும்படி அவளுக்குக் கையால் காட்டினார்கள்.

தலைவர் சிவபாதசுந்தரம், யாழ்ப்பாணத்து ஓய்வுபெற்ற பெரிய உத்தியோகத்தர், பேர்னாட்டை முன்னால் கூப்பிட்டு உட்கார்த்தினார். அவர் பேசினால் வசனத்துக்கு முற்றுப்புள்ளி விழ நேரமெடுக்கும்.

"மிஸ்டர் பேர்னாட், மச்ச மாமிசத்தை விடுறவையள் மூண்டு வகை. உடம்புக்காக விடுறவை முதலாம் படி. புண்ணியத்துக்காக விடுறவை இரண்டாம் படி. இரண்டும் சுயநலம். பிற உயிருக்காக மட்டும் விடுறவைதான் மூண்டாம் படி. எங்கட இல்லத்துக்கு மூண்டாம் படி ஆக்கள் கொண்டுவாற உயிர்களைத்தான் எடுப்பம். நீங்கள் ஏன் விட்டனீங்கள்?"

"அதுகளுக்கு நோவும்தானே சேர்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அதுகளுக்கெண்டால்? எல்லாத்துக்குமோ, கீழ நிக்கிற அந்த ஒண்டுக்கோ?"

பேர்னாட் யோசித்தார். பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. "முதல்ல அதுக்குத்தான் சேர். பிறகு பார்த்தா எல்லாம் அதைப் போலத்தானே இருக்கு."

"பிழை" என்றார் தலைவர், துக்கத்தோடு. "நீங்கள் அந்த ஆட்டில அன்பு வைச்சிருக்கிறியள். ஒரு உயிரில அன்பு வைச்சால் மற்ற உயிர்களுக்கு அநியாயம். அன்பு பரோபகாரத்துக்குப் பரம எதிரி."

உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமியே பூசாரியாகவும் இருந்தது.

"இல்லத்தில இப்ப எத்தின ஆடு சேர் இருக்கு?" என்று பேர்னாட் மெதுவாகக் கேட்டார். நங்கிக்குக் கூட்டாளிகள் இருப்பார்களா என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"ஒண்டும் இல்லை" என்றார் தலைவர் பெருமையோடு. "தரைக்கு டைல் பதிச்சு, ஃபேன் பூட்டி, மருந்து அறை கட்டித் திறந்துவைச்ச நாளிலையிருந்து ஒரு உயிரும் உள்ள வரேல்லை. வந்தவை எல்லாரும் தங்கட தங்கட நாயில, மாட்டில பற்று வைச்சவையாத்தான் இருந்தினம். ஒரு களங்கமும் இல்லாமல் இல்லத்தைப் பாதுகாத்து வாறம்."

அந்த நாய்களும் மாடுகளும் என்னவாயின என்று பேர்னாட் கேட்கவில்லை. பயமாக இருந்தது.

பிறகு மதிய போசனம். சபைச் சமையல்காரர் சோயாவில் ஆட்டிறைச்சிப் பிரட்டல் செய்வதில் பேர் போனவர். கொழுப்பு தேங்காய் வழுக்கையில், எலும்பு மரவள்ளித் தண்டைச் சீவி. மூளைப் பொரியல்கூட இருந்தது. எலும்பை உறிஞ்சும் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. பேர்னாட் தட்டைத் தள்ளிவைத்தார்.

"ஏன் சாப்பிடேல்லை? அசல் மாதிரியே இருக்கும், நல்லாச் சப்பிப் பாருங்கோ" என்றார் டொக்டர் சுகிர்தன், சபையின் வைத்திய ஆலோசகர், விரலை நக்கியபடி.

"அசல் மாதிரி இருக்குறதாலதான் டொக்டர்."

இதுவும் பற்றின் அறிகுறியென்று டொக்டர் தலைவரின் காதில் சொன்னார்.

சபை அவருக்கு ஒரு வழி காட்டியது. நாட்கள் குறைவாக இருப்பதால் விரைவுப் பயிற்சி. ஆட்டைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. தடவக்கூடாது. முகம் பார்க்கக்கூடாது. பயிற்சி முடிவில் பரீட்சை, தேறினால் இடம். பேர்னாட் தோட்டத்துக்குத் திரும்பி அதைச் சொன்னபோது மெற்றில்டா நங்கியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "அது உசிரோட இருக்குமெண்டா செய்யுங்க" என்றாள்.

செய்தார். காலையில் நங்கி வந்து முழங்காலில் முகம் தேய்த்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்கு விளங்கவில்லை. முன்னால் வந்து நிற்கும், அவர் மறுபக்கம் திரும்புவார், அதுவும் சுற்றி மறுபக்கம் வரும். தான் என்ன பிழை செய்தேன் என்று கேட்பது போலிருக்கும் அதன் கத்தல். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அது வருவதை நிறுத்திக்கொண்டது. மூலையில் படுத்து அவர் செருப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பேர்னாட் கோயிலுக்குப் போய் அந்தோனியார் சுருவத்துக்கு முன்னால் நின்று அழுதார். தான் பரோபகாரத்தில் முன்னேறி வருவதை அவர் அறிந்திருக்கவில்லை.

பரீட்சை நாளில் அவர் சவரம் செய்து, கோயிலுக்குப் போடும் சேர்ட்டைப் போட்டுக்கொண்டார். மெற்றில்டா வரவில்லை. வந்தால் தன்னால் தாங்க ஏலாது, அதனால் நங்கிக்கு இடம் போய்விடும் என்றாள். நங்கியின் கழுத்தில் அந்தோனியார் மெடல் ஒன்றை நூலில் கட்டி அனுப்பினாள். இன்ஸாப் திரீவீலை வழக்கம்போல அடுத்த ஒழுங்கையில் நிறுத்தினான். நங்கியைப் பலகைக் காலில் கட்டிவிட்டுப் பேர்னாட் மேலே போனார். முகம் பார்க்கவில்லை.

யன்னலுக்கு முதுகு காட்டி ஒரு கதிரை போட்டிருந்தார்கள். டொக்டர் சுகிர்தன் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். யன்னலைத் திறந்தார்கள். கடற்காற்று வந்தது.

"இப்ப கீழ ஒரு ஆள் வந்து அந்த ஆட்டை அவிழ்த்துக்கொண்டு போவார்" என்றார் தலைவர். "நீங்கள் எழும்பக்கூடாது. திரும்பக்கூடாது. உங்கட நாடி ஏறக்கூடாது. அவ்வளவுதான்."

நாடகம் போடுகிறார்கள் என்று பேர்னாட் விளங்கிக்கொண்டார். பெரிய மனிதர்கள், படித்தவர்கள், பரீட்சை என்றால் இப்படித்தான் வைப்பார்கள். இருந்தாலும் நெஞ்சு அடித்தது. அதை அடக்க அவருக்கு ஒரு வழி தெரியும். கப்பலின் வயிற்றுக்குள் ஆட்கள் நிற்க, அவர்கள் தலைக்கு மேலே சுமையைத் தொங்கவைத்திருக்கும் வின்ச்காரன் பயந்தால் கை ஆடும், கை ஆடினால் கீழே நிற்பவன் செத்தான். அப்படிப்பட்ட நேரத்தில் மூச்சை வயிற்றுக்கு இறக்கி, கண்ணைச் சுமையில் குத்தி, வேறொன்றையும் நினைக்காமல் இருக்க அவர் பழகியிருந்தார். அந்தக் கையால் ஒருத்தரும் செத்ததில்லை. இப்போதும் ஒரு சுமையை மனதில் தொங்கவிட்டார். கீழே நங்கி நிற்கிறது. ஆடக்கூடாது.

கீழே யாரோ கதைக்கும் சத்தம். கயிறு அவிழும் சத்தம் கேட்காது, ஆனால் அவருக்குக் கேட்டது. பிறகு நங்கி கத்தியது.

அந்நியன் கயிற்றைப் பிடித்தால் அது கத்தும் கத்தல் அவருக்குத் தெரியும். இது அதுவல்ல. பசிக்கும், இருட்டுக்கும், இடி முழக்கத்துக்கும் அவரைத் தேடிக் கத்துவதே இது. இத்தனை நாள் முகம் கொடுக்காத மனிதனைத்தான் அது திரும்பவும் கூப்பிட்டது. ஒருக்கா, இன்னொருக்கா, தள்ளிப்போய் இன்னொருக்கா. காலி வீதி பஸ்களின் இரைச்சலுக்குள் அது கரைந்தது. பேர்னாட் திரும்பவில்லை.

"அசையவே இல்லை" என்றார் டொக்டர் மணிக்கூட்டைப் பார்த்து. "ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நான் இப்பிடி ஒரு நாடியைக் காணேல்லை."

கை தட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். பட்டில் புழுக்கள் சாவதால் பருத்திப் பொன்னாடை போர்த்தினார்கள். தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். சபையின் வரலாற்றில் முதல் மூன்றாம் படி மனிதர் ஒரு துறைமுகத் தொழிலாளி என்பது தமக்கே வெட்கமாகவும் பெருமையாகவும் இருக்கிறதென்றார். அவருடைய ஆட்டுக்கு இல்லத்தில் நிரந்தர இடம் தீர்மானமாகிவிட்டது, அதை இனி யாராலும் பறிக்க ஏலாது, முதலாம் இலக்க அறை, ஃபேனுக்குக் கீழே, பெயர்ப்பலகைகூடத் தயார் என்றார்.

பேர்னாட் பொன்னாடையோடு எழும்பினார். இப்போது யன்னல் பக்கம் திரும்பலாம். திரும்பினார். கீழே பலகைக் கால் மட்டும் நின்றது.

"சேர், இப்ப நங்கியக் கொண்டுவரச் சொல்லட்டா?"

"எங்கையிருந்து?"

"அந்த நடிச்ச ஆளுக்கிட்ட இருந்து."

தலைவரின் முகம் சுருங்கியது. "நடிச்ச ஆளோ? மிஸ்டர் பேர்னாட், நடிப்பெண்டால் பொய். பொய் ஒரு இம்சை. இந்தச் சபைக்குள்ள பொய்க்கு இடமில்லை. மயூரி ஒரு நடிகரைப் பிடிப்பமெண்டுதான் சொன்னவ, நான் மறுத்துப்போட்டன். உண்மையா ஆடு வாங்குற ஒரு ஆளைத்தான் ரோட்டில கண்டு கூப்பிட்டனாங்கள்."

பேர்னாட் மறுபடி யன்னலால் கீழே பார்த்தார். "வித்தீங்களா சேர்?"

"சீச்சீ! உயிரை விக்கிறதோ? சும்மாதான் குடுத்தனாங்கள்."

"ஆள் யாரு? எங்க கடை?"

"பேர் ஊர் கேக்கிறது அந்த மனுசன்ர அந்தரங்கத்துக்குச் செய்யிற இம்சை. கேக்கேல்லை."

"எந்தப் பக்கம் போனார்? அதையாவது சொல்லுங்க சேர்."

ஒருவரும் பார்த்திருக்கவில்லை. பரீட்சை நடக்கும்போது யன்னலால் எட்டிப் பார்ப்பதும் பற்றுத்தான் என்று எல்லாரும் பேர்னாட்டின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததைக் கேள்விப்பட்டிருக்கிறோம். ஓநாயாவது தான் தின்பதற்காக அழுதது. மயூரி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தலைவர் பேர்னாட்டின் தோளைத் தட்டினார்.

"கவலைப்படாதேங்கோ. இடம் உங்களுக்கு நிரந்தரம்."

பேர்னாட் படியால் ஓடினார். இன்ஸாப் பொன்னாடையைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கி, முகத்தைப் பார்த்து நிறுத்தினான். இருவரும் காலி வீதியை மேலும் கீழும் பார்த்தார்கள். சந்தைக்குள் கேட்டார்கள். மருதானைக்குப் போனார்கள், கிராண்ட்பாஸுக்குப் போனார்கள். ஒவ்வொரு இறைச்சிக்கடையிலும் இன்ஸாப் முதலில் இறங்கித் தன் ஆட்களிடம் விசாரித்தான். வெள்ளையில் கபிலப் புள்ளி, கழுத்தில் மெடல். கடைக்காரர்கள் நல்லவிதமாகத்தான் பதில் சொன்னார்கள். ஒருவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பின்னால் கட்டியிருந்த ஆடுகளை வந்து பார்க்கும்படி கூட்டிப்போனார். நங்கி இல்லை. தோலுரித்துத் தொங்கியவற்றைப் பேர்னாட் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தோலில்லாவிட்டால் எல்லாம் ஒரே மாதிரி. அவர் சபையில் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

கடைகள் பூட்டும் நேரத்தில் இன்ஸாப் சொன்னான்:

"அங்கிள், ஊட்ட போவோம். ஆன்ட்டி பார்த்துட்டு ஈப்பா."

பேர்னாட் திரீவீலுக்குள் உட்கார்ந்து பொன்னாடையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அது கூப்பிட்டபோது திரும்பாமல் இருந்ததை நினைத்துத்தான் அழுதார். அது கடைசியாகத் தன்னைப் பற்றி என்ன நினைத்திருக்கும் என்று நினைத்து அழுதார்.

மெற்றில்டா வாசலிலேயே நின்றாள். வீட்டுச் சாமான்கள் மூட்டையாகக் கட்டியாயிற்று. திரீவீலுக்குள் எட்டிப் பார்த்தாள். நங்கி இல்லை. அவள் முகத்தில் பயமும் ஆசையும் ஒன்றாக வந்தன.

"கிடைச்சிட்டா?"

பேர்னாட் இறங்கினார். சபையில் ஒரு பொய்யும் சொல்லாத மனிதர்.

"கிடைச்சிட்டு மெற்றி. நிரந்தர இடமாம்."

"உண்மையாவா? நல்ல இடமா?"

"நல்ல இடம். முதலாம் நம்பர் ரூம். தரையெல்லாம் டைல் பதிச்சு, மேல ஃபேன் பூட்டி."

"ஆட்டுக்கு ஃபேனா!" மெற்றில்டா சிரித்தாள், கண்ணீரோடு சிரித்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். "போகக்குள்ள கத்திச்சா?"

"இல்ல" என்றார் பேர்னாட். "கத்தல்ல. சந்தோசமாத்தான் போச்சு."

இன்ஸாப் திரீவீலின் முன் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினான். அதில் அழுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

"நாங்க ஒரு நாளைக்குப் போய் பார்க்கலாமா?"

"ஏலாதாம். பார்த்தா பற்று வருமாம்."

மெற்றில்டா கொஞ்சம் யோசித்தாள். "அதுவும் சரிதான். அது நல்லா இருந்தாப் போதும்" என்றாள்.

இப்போது அவர்கள் தெமட்டகொடையில் ஒன்பதாம் மாடியில் இருக்கிறார்கள். கீழே மதிலோரம் ஒரு பலாமரம் நிற்கிறது. ஞாயிறு பூசை முடிந்ததும் மெற்றில்டா நங்கிக்கென்று பலாக்குழை ஒடித்து, வாடாமல் ஈரச் சாக்கில் சுற்றி, அவிசாவளைப் பக்கம் ஹயர் சவாரி போகும்போது கொடுத்துவிடும்படி இன்ஸாப்பிடம் தருகிறாள். அவனும் ஒவ்வொரு முறையும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போகிறான். அதை எங்கே போடுகிறான் என்று பேர்னாட் கேட்டதில்லை.